சக்கரம் வைத்த வீட்டில் பத்து நாள்

கேம்பர் வேன் என்பது வேறொன்றுமில்லை, சக்கரம் வைத்த சின்ன வீடு. பள்ளிக்கூட வேனைவிடச் சற்று நீளமான வண்டிக்குள் கட்டில், இரண்டு பர்னர் ஸ்டவ், குட்டி ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு மூலையில் குளியலும் கழிவறையுமாக அலமாரி அளவுக்கு ஓர் அறை. ராத்திரி தங்க ஹோட்டல் தேட வேண்டாம். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம். கோடை வந்தால் ஐரோப்பாவில் இந்த வண்டிகள் தெற்குக் கடலோரத்தைப் பார்த்துச் சாரிசாரியாகக் கிளம்பிவிடும்.

போன செப்டம்பரில் நாங்களும் கிளம்பினோம். போர்ச்சுக்கல் நாட்டில் லிஸ்பனிலிருந்து அட்லாண்டிக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, சாக்ரெஸ் முனையில் கிழக்கே திரும்பி, அல்கார்வ் கரையில் தவீரா ஊர் வரைக்கும். என் மைத்துனருக்கு லிஸ்பனில் வேலை. வண்டி ஓட்ட அவர். கூட என் வீட்டுக்காரர், நான், 72 வயது மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, தினம் இரண்டு வேளை இன்சுலின். முழங்கால் வலி வேறு. "அம்மா ஃபிளாட்டிலேயே இருக்கட்டுமே, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்றார் இவர். நான் ஒப்பவில்லை. பிள்ளையைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிற மனுஷியைப் பூட்டிவைத்துவிட்டு நாம் மட்டும் கடல் பார்ப்பதா? அத்தையும் வரவேண்டும், அத்தையின் உடம்பும் கெடக்கூடாது, நானும் பத்து நாள் அடுப்படியிலேயே கிடக்கக்கூடாது. இந்த மூன்றையும் வைத்துத்தான் மூன்று மாதம் முன்பிருந்தே நோட்டுப் புத்தகமும் கையுமாகத் திட்டம் போட்டேன்.

முதலில் வண்டி. படத்தில் எல்லா வண்டியும் அழகாகத்தான் இருக்கும். நாம் கேட்க வேண்டியது வேறு. எத்தனை பேர் படுக்கலாம் என்பதைவிட, எத்தனை ஸீட்டில் பெல்ட் இருக்கிறது? நாலு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும், பெல்ட் இரண்டுதான் இருக்கும். கட்டில் எவ்வளவு உயரம்? சிலவற்றில் டிரைவர் தலைக்கு மேலே ஏணி வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் ஏறினால் காலையில் இறங்க மாட்டார்கள். எங்களுக்குக் கீழ்க்கட்டில் ஒன்று கட்டாயம். கழிவறை உள்ளேயே இருப்பது அதைவிடக் கட்டாயம். சர்க்கரைக்காரர்கள் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார்கள். இருட்டில், கூழாங்கல் தரையில், டார்ச் லைட்டுடன் பொதுக் கழிவறைக்கு நடப்பது நடக்கிற காரியமா? நம் பெண்களுக்கும் இதைச் சொல்லுவேன். பயணம் என்றால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, வருவதையும் அடக்கிக்கொண்டு, ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் ஓடுகிறோமே, அதற்கு இந்த அலமாரி அறைதான் மருந்து!

சாதாரணக் கார் லைசென்ஸில் 3,500 கிலோ எடை வரையுள்ள வண்டியை ஓட்டலாம். அந்த எடையில் நாமும் நம் சாமான்களும் தண்ணீரும் சேர்த்திதான். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஆகையால் ஓட்டத்தின்போது தொட்டியைப் பாதிக்குமேல் நிரப்பாமல், தங்குமிடத்தில் நிரப்பிக்கொண்டோம். நம் ஊரிலிருந்து போய் ஓட்டுகிறவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச பர்மிட் வாங்கிக்கொண்டு, ஊர் லைசென்ஸையும் கூட வைத்திருக்க வேண்டும். அங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். அநேகக் கடற்கரை வண்டி நிறுத்தங்களில் வாசலில் குறுக்குக் கம்பி போட்டு உயரமான வண்டியைத் தடுத்திருக்கிறார்கள்.

விசாவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸும் கேட்பார்கள். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு அந்தப் பாலிஸி பணம் தருமா, தராதா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். சின்ன எழுத்தில்தான் போட்டிருக்கும்!

இனி எங்கே தங்குவது? ஊர்களை எழுதிக்கொண்டு நடுவில் தங்க இடம் தேடுவதுதான் வழக்கம். கேம்பர் வேனுக்கு அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் ராத்திரிகளைக் குறித்துக்கொண்டு, பகல்களை அவற்றின் நடுவில் கோக்க வேண்டும். கடலோரமாக எங்கே இஷ்டமோ அங்கே வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போர்ச்சுக்கலில் 2021 ஜனவரியில் வந்த சட்டம், இதற்கென்று உள்ள இடங்களைத் தவிர வேறெங்கும் இந்த வண்டியில் இரவு தங்கக்கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொஞ்சம் தளர்த்தி, ஒரு நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் வரை தங்கலாம் என்றார்கள். ஆனால் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் கடலோரத்திலும் தடை நீடிக்கிறது. நாங்கள் போன தென்மேற்குக் கரையோ பெரும்பாலும் இயற்கைப் பூங்கா! நடு ராத்திரியில் போலீஸ்காரர் கதவைத் தட்டினால் அத்தைக்கு என்ன ஆகும்? அதனால் பத்து ராத்திரிக்கும் முகாம் மைதானங்களிலேயே முன்கூட்டி இடம் எழுதிவைத்தோம். அங்கே கரண்ட் கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும், கழிவைக் கொட்ட இடம் உண்டு, துணி துவைக்க மிஷின் உண்டு, வெந்நீரில் தாராளமாகக் குளிக்கலாம்.

கணக்கு இப்படி: மெலிதெஸ் பக்கம் ஒரு ராத்திரி, மில்ஃபோன்தெஸ் இரண்டு, ஒடசேய்ஷ் இரண்டு, சாக்ரெஸ் இரண்டு, லாகோஸ் ஒன்று, தவீரா இரண்டு. ஒரு நாளில் 120 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது என் விதி. கடைசி நாள் லிஸ்பன் திரும்பும் 300 கிலோமீட்டர் மட்டும் விலக்கு. அல்கார்வைக் குறுக்கே கடக்கும் ஏ-22 பெருஞ்சாலையில் 2025 ஜனவரி முதல் சுங்கம் இல்லை, திரும்பும்போது அது சௌகரியம். மைத்துனர் முதலில் சிரித்தார். "அண்ணி, 120 கிலோமீட்டர் ஒன்றரை மணி நேர டிரைவ்!" "உங்களுக்கு ஒன்றரை மணி நேரம். அம்மாவுக்கு அதில் இரண்டு தடவை இறங்கி நடக்கணும்" என்றேன். பிறகு பேசவில்லை.

செப்டம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அந்த மேற்குக் கரையில் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். பிற்பகலானால் மணலை வாரி முகத்தில் அடிக்கும். கூட்டமும் வாடகையும் அப்போதுதான் உச்சம். செப்டம்பரில் எல்லாம் தணிந்து, கடல் நீரும் கொஞ்சம் வெதுவெதுப்பாகிறது. கொஞ்சம்தான்! அட்லாண்டிக் தண்ணீரில் அத்தை கால் நனைத்துவிட்டு, "ஐயோ, ஐஸ்!" என்று குழந்தை மாதிரிக் கத்தினார்.

இன்சுலின் விஷயத்துக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. உபயோகத்தில் உள்ள பேனா பெரும்பாலும் நாலு வாரம் வரை வெளியில், 30 டிகிரிக்குக் கீழே இருக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் கொஞ்சம் மாறும், டப்பாவிலுள்ள காகிதத்தைப் பார்க்க வேண்டும். விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொண்டோம். சரக்கறையில் போட்டால் உறைந்துவிடலாம். மருந்தின் மூலப்பெயரை எழுதிய டாக்டர் சீட்டு இரண்டு பிரதி. கோடையில் போர்ச்சுக்கல் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், ஆகையால் பயண நாளில் எப்போது எவ்வளவு போடுவது என்பதை எங்கள் டாக்டரிடமே எழுதி வாங்கினேன். இதை நாமாகக் கணக்குப் போடக்கூடாது.

வண்டி ஃப்ரிட்ஜில் இரண்டு வகை உண்டு. ஒன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜ் போலக் கம்பிரஸரில் ஓடும். இன்னொன்று காஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும், ஆனால் வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. வாடகைக்குத் தருபவரிடம் எது என்று கேட்டு, கம்பிரஸர் வகையே எடுத்தோம். ஆனாலும் நான் நம்பிவிடவில்லை. உள்ளே சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வைத்து, காலையும் மாலையும் பார்த்து எழுதினேன். மருந்தைக் குளிர்த் தகட்டை ஒட்டி வைக்காமல், டவலில் சுற்றி நடுத்தட்டில் வைத்தேன். வெளியே நடக்கப் போகும்போது தண்ணீரில் நனைத்தெடுக்கும் ஒரு பை; மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம்தான். நடை கூடினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அதனால் எல்லோர் பையிலும் குளுக்கோஸ். பச்சைச் சிலுவை எரிகிற கடை மருந்துக்கடை; அவசரத்துக்கு ஐரோப்பிய யூனியன் முழுக்க 112 என்ற ஒரே நம்பர். இரண்டையும் அத்தைக்கும் சொல்லிக் கொடுத்தேன். பயன்படுத்திய ஊசிகள் மூடி இறுகிய கெட்டி பாட்டிலுக்குள். லிஸ்பன் வந்ததும் மைத்துனர் விசாரித்து ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தார்.

அடுத்தது அடுப்படி. இதைக் கிளம்புமுன் பேசவில்லையென்றால் நம் பாடு அதோகதிதான்! ஊரில் நாலு சுவருக்குள் சமைப்பதை அங்கே நாலு சக்கரத்தின் மேல் சமைப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். என் நிபந்தனையை எழுதியே கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரே சமையல். காலையில் ரொட்டி, முட்டை, பழம், அவரவரே எடுத்துக்கொள்வது. மத்தியானம் வெளியில். பாத்திரம் ஆண்கள். கழிவறைப் பெட்டியை இழுத்துப் போய்க் கொட்டுவதும் ஆண்கள். "அதுவுமா?" என்றார் இவர். "ஸ்டியரிங் பிடிக்கிற கை, அதையும் பிடிக்கலாம்" என்று அத்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சாமான்களைச் சுமந்து போக அவசியமே இல்லை. லிஸ்பனில் மார்த்திம் மொனீஸ் பகுதியில் நம் தேசத்து மளிகைக் கடைகள் இருக்கின்றன. பருப்பு, ரசப்பொடி, பெருங்காயம் அங்கேயே. அதைவிட எனக்குச் சந்தோஷம், எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கொத்துமல்லிக் கட்டு! ஐரோப்பாவில் பல இடங்களில் அது அபூர்வம். போர்ச்சுக்கலின் தெற்குப் பக்கம் அது இல்லாமல் சமையலே இல்லை. பூண்டு, கொத்துமல்லி, உப்பு மூன்றையும் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, வெந்நீர் ஊற்றி, பழைய ரொட்டியைப் போட்டு, மேலே ஒரு முட்டை வைத்து அசோர்தா என்று ஒன்று செய்கிறார்கள். ஏழை வீட்டுச் சாப்பாடாம். பத்து நிமிஷ வேலை. அத்தைக்கு மட்டும் ரொட்டியைக் குறைத்துப் போட்டேன். ஒடசேய்ஷுக்குத் தெற்கே அல்ஜெசூர் என்ற ஊர் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பேர்போனது. அவித்துச் சாப்பிட்டோம், அத்தைக்கு அதுவும் அளவோடுதான்.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செதூபலில் வண்டியோடு படகில் ஏறி த்ரோயா மணல்திட்டில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் கொம்போர்த்தா. கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்! அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லி, வரப்போரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து தெற்கே போனால் சினெஸ், வாஸ்கோ ட காமா பிறந்த ஊர். அவர்கள் நம் பக்கம் வந்ததன் அடையாளத்தை நாங்கள் வண்டிக்குள்ளேயே பார்த்தோம். வண்டியைக் கொடுத்தவர் ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொன்னார்: ஷாவ், ஜனேலா, மேஸா, அர்மாரியு. நம் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி! 1554-லேயே லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்து ஒரு ஜெபப் புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்று மைத்துனர் சொன்னார். சர்தாவ் முனையில் கடலுக்குள் நிற்கிற பாறைகளின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டுகின்றன. நாங்கள் போனபோது கூடுகள் காலி. குஞ்சு பார்க்க ஆசையிருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அல்கார்வின் மஞ்சள் பாறைச் சரிவுகள் படத்தில் அழகு, அடியில் ஆபத்து. 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிஸா கடற்கரையில் பாறை சரிந்து 5 பேர் இறந்தார்கள். நிழலாயிருக்கிறதே என்று பாறையடியில் பாயை விரிக்காதீர்கள். கடற்கரைக் கொடியையும் பாருங்கள்: பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக்கூடாது, சிவப்பு என்றால் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது. பாஸ்போர்ட்டை வண்டிக்குள் விட்டுவிட்டுக் குளிக்கப் போவதும் கூடாது.

தவீராவில் உப்பளங்களைப் பார்த்தபடி இரண்டு சாயங்காலம். அத்தையின் நோட்டில் பத்து நாளும் சர்க்கரை அளவு எழுதியிருந்தது. நாலாம் நாள் ஒரு தடவை இறங்கியது, குளுக்கோஸில் சரியாயிற்று. பத்து ராத்திரியில் நான் சமைத்தது ஆறு. இரண்டு ராத்திரி ஆண்கள், இரண்டு ராத்திரி ஹோட்டல்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற நாள் காலையில் அரைமணி முன்னதாக எழுந்திருங்கள். அழுக்குத் தண்ணீர்த் தொட்டியும் கழிவறைப் பெட்டியும் காலியாக, டீசல் நிறைவாக, உள்ளே பெருக்கித் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்பார்கள், இல்லையென்றால் முன்பணத்தில் பிடிப்பார்கள். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றிக் கீறல்களைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் அங்கே வாக்குவாதமும் இருக்காது. ஃப்ரிட்ஜை ஒருதரம் திறந்து பாருங்கள், நடுத்தட்டில் டவலுக்குள் மருந்து இருக்கும்.