கூஸ்கோ நகரின் அடிச்சுவர்கள்

தொன்னகரங்களைக் காணச் செல்வோர் கோபுரங்களையும் மாடங்களையும் அண்ணாந்து பார்த்து வியப்பதே பெரும்பான்மை வழக்கம். தென் அமெரிக்காவில், பெரு தேசத்து ஆந்தீஸ் மலைகளிடையே அமைந்த கூஸ்கோ நகரிலோ, பார்வையை முதலில் தாழ்த்தல் வேண்டும். அந்நகரின் பழைய வீதிகளில் அடிச்சுவர் ஒரு சாதியாராலும் மேற்சுவர் மற்றொரு சாதியாராலும் கட்டப்பட்டுள்ளன. கீழே இருப்பது இன்கா அரசர் காலத்துக் கல். மேலே இருப்பது அவர்களை வென்ற ஸ்பானியர் எழுப்பிய சுதைச்சுவர். இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்த வரலாற்றை அறிந்து செல்பவர்க்கே அந்நகரக் காட்சிகள் பொருளுடையனவாகும் ஆதலின், அதனையே நாம் விரித்துரைக்கப் புகுகின்றோம்.

ஆயினும், சுவர்களைக் காணுமுன் அங்கே மூச்சு விடப் பழகுதல் அவசியம். கூஸ்கோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ளது. காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே விமானத்தில் வந்திறங்குவோர் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் உறக்கமின்மையும் உண்டாகின்றன. இந்நோயை அந்நாட்டார் 'சொரோச்சே' என்பர். கொக்கா இலையை வெந்நீரிலிட்டுப் பருகத் தருவர். முதலிரண்டு நாட்கள் ஓய்ந்திருத்தலே தக்க பரிகாரம். இளைஞர் தம் உடல் வலிமையை நம்பி இதனைப் புறக்கணித்தல் கூடாது. வலியவர் எளியவர் என்று இந்நோய் பார்ப்பதில்லை.

இன்கா அரசர் காலத்தில் இந்நகரின் தலைமையான ஆலயம் 'கொரிகாஞ்சா' என்னும் சூரியன் கோயிலாம். 'பொன் முற்றம்' என்பது அப்பெயரின் கருத்து. 1532-ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ்கோ பிஸாரோவின் கையிற் சிறைப்பட்ட அரசன் அத்தவால்பா, தன் விடுதலைக்குப் பொன்னும் வெள்ளியும் தருவதாக உடன்பட்டனன். அதன்பொருட்டு இவ்வாலயச் சுவர்களை மூடியிருந்த பொற்றகடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பொன்னைப் பெற்றவர்களோ வாக்கைக் காத்தாரல்லர். 1533-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, உடனே கழுத்தை நெரித்துக் கொன்றனர். அவ்வாண்டு நவம்பரில் கூஸ்கோவினுட் புகுந்தனர். பின்னர்க் கொரிகாஞ்சா தொமினிக் சபைத் துறவியர் வசமாக, அவர்கள் அதன் மதில்களின்மீதே தம் மடத்தையும் கோயிலையும் எழுப்பினர். கிறிஸ்துவின் பெயரால் நிறுவப்பெற்ற கல்லூரியைச் சார்ந்த நாம் இச்செய்தியை மென்மைப்படுத்திக் கூறுதல் தகாது. அக்கோயிலுட் செல்லும் கிறிஸ்தவன் அதன் அடிக்கல்லையும் பார்த்தே பிரார்த்திக்க வேண்டியவன் என்பது நம் கருத்து.

1650-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாளிலும், மீண்டும் 1950-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாளிலும் பெரும் பூகம்பங்கள் நகரைக் குலைத்தன. இரண்டாம் முறை மடத்தின் பல பகுதிகள் இடிந்து வீழ, உள்ளே மறைந்து கிடந்த இன்கா அறைகள் உறுதி குன்றாமல் வெளிப்பட்டன. இதில் மாயம் ஒன்றுமில்லை. அக்கற்றச்சர் இரும்புக் கருவி அறியாதவர். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ருமிகோல்கா என்னுமிடத்திலிருந்து எரிமலைக் கல்லைக் கொணர்ந்து, வன்மையான உருண்டைக் கற்களால் தட்டித் தட்டியே உருவாக்கினர். சுண்ணச் சாந்தின்றி ஒன்றோடொன்று இழைய வைத்தனர். சுவர் அடியில் அகன்று மேலே குறுகி உட்சாய்ந்து நிற்கும். வாயில்களும் மாடக்குழிகளும் அவ்வாறே. நிலம் அதிரும்போது கற்கள் சிறிது அசைந்து மீண்டும் தத்தம் இடத்தில் அமர்கின்றன.

நகரின் பேராலயத்தில் கரிய நிறமுடைய சிலுவைச் சுரூபம் ஒன்று உளது. அதனைப் 'பூகம்பங்களின் ஆண்டவர்' என்று கூறிப் பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமையில் வீதியுலாவாக எடுத்துச் செல்வர். ஜனங்கள் செம்மலர்களை அதன்மேற் சொரிவர். அங்கேயே மார்க்கோஸ் சபாத்தா என்னும் சுதேச ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய கடைசி இராப்போஜனச் சித்திரமும் காணத்தக்கது. நடுத்தட்டில் இருப்பது ஆட்டிறைச்சியன்று. மலைநாட்டார் விருந்துகளிற் சமைக்கும் 'கூய்' என்னும் சிறு பிராணி! வெற்றி பெற்றவர் மதத்தைத் தோற்றவர் எவ்விதம் தமதாக்கிக்கொண்டனர் என்பதை இதனினும் இனிதாக விளக்கும் சான்றை யாம் அறியோம்.

பேராலயத்திற்கு அண்மையில் ஆதூன் ருமியோக் என்னும் குறுந்தெருவில் பன்னிரு கோணக் கல் உளது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒருவன் அதனைக் கருவியாற் குத்திச் சிதைத்தனன். நூற்றாண்டுகளும் பூகம்பங்களும் செய்யாததைச் சில நிமிடத்தில் ஒரு மனிதக் கை செய்தது.

நகருக்கு மேலே குன்றின்மீது சக்ஸைவாமன் என்னும் பெருமதில் மூன்று அடுக்காய் வாள்பல் போல மடங்கி மடங்கிச் செல்கின்றது. அதிலுள்ள பெருங்கற்கள் சில 100 டன்னுக்கு மேற்பட்டவை. பெயர்க்கக்கூடிய சிறு கற்களையெல்லாம் நகரத்துக் கட்டடங்களுக்குக் கொண்டுபோயினர். இயலாதனவே எஞ்சி நிற்கின்றன. இங்கே ஆண்டுதோறும் ஜூன் 24-ஆம் நாள் 'இந்தி ராய்மி' என்னும் சூரிய விழா நடைபெறும். இன்கா அரச குலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் கூஸ்கோவில் 1539-இற் பிறந்த கார்ஸிலாஸோ தே லா வேகா எழுதிவைத்த வருணனைகளைத் துணைக்கொண்டு 1944-இல் இதனைப் புதுப்பித்தனர்.

மலைநடையில் விருப்பமுள்ளோர்க்கு இன்கா நடைபாதை பெயர்பெற்றது. ஏறத்தாழ 43 கிலோமீட்டர் தூரம். நான்கு நாட் பயணம். இடையில் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கணவாயைக் கடத்தல் வேண்டும். மழை மிகுந்த பிப்ரவரியில் பாதையை அடைத்து வைப்பர். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஆனால் இரவுக் குளிர் கடுமையானது. முடிவிலுள்ள மாச்சு பிச்சு, கூஸ்கோவினும் ஏறத்தாழ 1,000 மீட்டர் தாழ்வானது என்பதைப் பலர் அறியார். நடக்கவியலாதவர் இரயிலிற் செல்லலாம். நடப்போரின் கூடாரத்தையும் உணவையும் சுமந்து முன்னே ஓடுபவர் கெச்சுவா மொழி பேசும் கூலியாட்கள். சுமையின் அளவைச் சட்டம் வரையறுத்துள்ளது. அதனை மதித்து நியாயமான கூலி தருவோரிடமே பயணத்தை ஒப்படைத்தல் பயணியின் கடமை.

கூட்டத்தை விரும்பாதவர் அபூரிமாக் ஆற்றின்மீதுள்ள கெஸ்வாசாக்கா என்னும் புற்பாலத்தைப் பார்த்து வரலாம். இன்காக்கள் விட்டுச்சென்ற முறைப்படியே மலைப்புல்லைத் திரித்துக் கயிறாக்கி, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நான்கு ஊரார் கூடி மூன்று நாளிற் புதுப்பாலம் கட்டுவர். பழையதை அறுத்து ஆற்றில் விடுவர். வாகனங்கள் செல்லும் இரும்புப் பாலம் அருகிலேயே இருக்கவும் இவ்வழக்கத்தை அவர்கள் கைவிட்டாரல்லர். 2020-இல் கொள்ளைநோய் காரணமாகப் பணி நடவாமற் போக, 2021 மார்ச்சில் பாலம் இற்று வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூனில் ஊரார் மீண்டும் கூடி, கயிறுகளை முறுக்கி இரு கரைகளிலும் பிணைத்தனர்.