சாவியின் அச்சை எடுப்பவர்கள்

நெல்லுப் பெட்டகத்துக்கு நல்ல பூட்டு வாங்கிப் போடுகிறோம். சாவியை மடியில் முடிந்து வைக்கிறோம். ஆனால் நாம் கண்ணயர்ந்த நேரம் ஒருவன் அந்தச் சாவியைச் சவர்க்காரக் கட்டியில் அமுக்கி அச்செடுத்துப் போய்விட்டால்? சாவி எம்மிடமே இருக்கும், பெட்டகம் வெறுமையாகிவிடும்.

கணனியிலும் இத்தகைய களவு நடக்கின்றது. விசைப்பலகையில் நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் எமக்குத் தெரியாமல் வரிசையாகப் பதிந்து, இன்னொருவருக்குக் கொடுக்கும் மென்பொருட்கள் உள்ளன. வங்கியின் காவல் எவ்வளவு பலமாக இருந்தாலும் இங்கு பயனில்லை. கடவுச்சொல் வங்கியைச் சென்றடையுமுன், விரல் நுனியிலேயே பறிபோய்விடுகின்றது.

'எங்களுக்கும் கணனிக்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் கேட்கக்கூடும். காணியையும் வீட்டையும் விட்டு வந்த எம்மில் பலருக்கு, வங்கிக் கணக்கில் உள்ள சிறுதொகையே மிஞ்சிய முதல். பிள்ளை அனுப்பிய காசு வந்ததா என்று பார்க்கவும், விண்ணப்பம் நிரப்பவும் சந்தியிலுள்ள கடைக் கணனியை நாடுகிறோம். பலரும் வந்து தட்டிப்போகும் அந்தக் கணனியில்தான் ஆபத்து அதிகம்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் நடந்ததைப் பாருங்கள். 2001, 2002 ஆம் ஆண்டுகளில் அங்குள்ள பல நகலெடுக்கும் கடைகளின் பொதுக் கணனிகளில் ஓர் இளைஞர் இத்தகைய மென்பொருளை இரகசியமாகப் பதித்து வைத்தார். கடைக்கு வந்தவர்களின் 450க்கும் மேற்பட்ட பெயர்களும் கடவுச்சொற்களும் அவர் கைக்குப் போயின. ஒருநாள், பாதிக்கப்பட்ட ஒருவர் வீட்டில் இருக்கும்போது, அவரது கணனித் திரையில் சுட்டி தானாகவே நகர்ந்தது. அதைக் கண்டு அவர் விழித்துக்கொண்டதாலேயே விடயம் வெளிவந்தது. இளைஞர் 2003 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மென்பொருள் மட்டுமல்ல, சிறு கருவிகளும் இவ்வேலையைச் செய்யும். மொஸ்கோவிலும் லெனின்கிராட்டிலும் இருந்த அமெரிக்க இராஜதந்திர அலுவலகங்களின் 16 மின் தட்டச்சுப் பொறிகளுக்குள் சோவியத் உளவாளிகள் கருவிகளை ஒளித்து வைத்திருந்தமை 1984 இல் தெரியவந்தது. காவல் மிகுந்த இடத்திலேயே இப்படியென்றால், சந்திக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இம்மென்பொருளுக்கு நேர்மையான பயன்களும் உண்டு. நிறுவனங்கள் ஊழியருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தமது கணனிகளைக் கண்காணிக்கின்றன. நீதிமன்ற அனுமதியுடன் புலனாய்வாளர்களும் பயன்படுத்தியுள்ளனர். அறிவித்துச் செய்வதும் சட்டப்படி செய்வதும் வேறு; ஒளித்துச் செய்வது வேறு. அனுமதியின்றிப் பிறர் கணனிக்குள் நுழைவது எமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும்.

நாம் செய்யக்கூடியவை:

1. பொதுக் கணனியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். தட்டியே ஆகவேண்டி வந்தால், நம்பிக்கையான வேறொரு கணனியிலோ தொலைபேசியிலோ அன்றே அதை மாற்றிவிடுங்கள்.

2. கடையிலிருக்கும் தம்பியிடம் கடவுச்சொல்லைச் சொல்லித் தட்டுவிக்காதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம்; கணனி எப்படிப்பட்டதென்று அவருக்கே தெரியாதிருக்கலாம்.

3. விசைப்பலகையின் வயர் கணனியுடன் சேருமிடத்தைப் பாருங்கள். இடையில் சிறிய துண்டொன்று செருகப்பட்டிருந்தால் அந்தக் கணனியைத் தொடாதீர்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் இத்தகைய கருவியைப் பெரும்பாலும் காணாது.

4. திரையில் தோன்றும் விசைப்பலகையை அழுத்தினால் தப்பலாம் என்று எண்ணாதீர்கள். சில மென்பொருட்கள் திரையையும் படம் பிடிக்கும்.

5. கைத்தொலைபேசியிலும் இதே ஆபத்து உண்டு. முன்பின் அறியாதவர் அனுப்பும் செயலிகளைப் பதிக்காதீர்கள்.

6. வங்கி தொலைபேசிக்கு அனுப்பும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள். கடவுச்சொல் களவு போனாலும் கள்வனை மறிக்கும் இரண்டாவது பூட்டு அதுவே.

கணக்கில் சந்தேகம் தோன்றினால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கு அறிவித்து, பொலிஸ் நிலையத்திலும் முறையிடுங்கள்.

எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்களே இதில் எளிதில் ஏமாற்றப்படுகின்றனர். ஆகவே அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலும் இதனை வாசித்துக் காட்டுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த காசைக் காப்பதும் எமது கடமையே.