உயரம் 5.4 அடியா, 5 அடி 4 அங்குலமா?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் நீளம் இன்றும் அடிக்கணக்கில்தான் பேசப்படுகிறது. சேலத்தில் வீட்டுமனை சதுர அடியில் விலைபேசப்படுகிறது. வரன் பார்க்கும்போது மணமகனின் உயரம் 'ஐந்தரை அடி' என்று கூறப்படுகிறது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டபோதிலும், உயரத்தை மனத்தில் அடியாகவே வைத்திருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உயரம் சென்டிமீட்டரில் பதியப்படுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது நேரும் சிறு பிழை, மருத்துவ முடிவையே மாற்றிவிடக்கூடும்.

1 அங்குலம் என்பது சரியாக 2.54 செ.மீ. ஆகும். 12 அங்குலம் கொண்ட 1 அடி 30.48 செ.மீ. ஆகும்.

ஒருவரின் உயரம் 163 செ.மீ. எனக் கொள்வோம். அதனை 2.54-ஆல் வகுத்தால் 64.17 அங்குலம் கிடைக்கும். அதில் 60 அங்குலம் 5 அடியாகும். எஞ்சுவது ஏறத்தாழ 4 அங்குலம். எனவே அவரது உயரம் 5 அடி 4 அங்குலம். மாறாக, 163-ஐ நேரடியாக 30.48-ஆல் வகுத்தால் 5.35 என விடை வரும். இதனை '5 அடி மூன்றரை அங்குலம்' என வாசிப்பது தவறு. புள்ளிக்குப் பின்னுள்ளது அடியின் பின்னமே. அதை 12-ஆல் பெருக்கினால்தான் அங்குலம் கிடைக்கும். கணிப்பான் கையில் இல்லாதபோது, 150 செ.மீ. என்பது ஏறத்தாழ 4 அடி 11 அங்குலம் என நினைவில் வைத்து, மேற்கொண்டுள்ள ஒவ்வொரு இரண்டரை செ.மீ.க்கும் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம்.

தொல்லை பெரும்பாலும் புள்ளியில்தான் உள்ளது. ஐந்தரை அடி என்பது 5 அடி 6 அங்குலம். அதை 5.5 என எழுதினால், படிப்பவர் 5 அடி 5 அங்குலம் எனக் கொள்வார். 5.10 என்று எழுதினால் இன்னும் மோசம்: கணினிக்கு அது 5.1 அடிதான்.

62 கிலோ எடையுள்ள ஒருவரின் உயரம் 5 அடி 4 அங்குலம் எனில், உடல் நிறை குறியீட்டெண் 23.5. அதையே 5.4 அடி எனக் கணித்தால் 22.9. இந்தியர்களுக்கு 23 முதல் அதிக எடையாகக் கருதப்படுவதால், எச்சரிக்கப்பட வேண்டியவர் எச்சரிக்கையின்றி வீடு திரும்புவார்.

கர்ப்பிணிகளுக்கு இது மேலும் முக்கியம். முதன்முறை கருவுற்றவரின் உயரம் 140 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், பிரசவத்தின்போது கூடுதல் கவனிப்பு தேவைப்படலாம். 4 அடி 7 அங்குலம் என்பது 139.7 செ.மீ.; 4.7 அடி என்பதோ 143.3 செ.மீ. அத்தாய் கவனிக்கப்பட வேண்டியோர் பட்டியலிலிருந்தே விடுபட்டுப்போவார்.

குழந்தைகளின் உயரத்தை அங்குலமாக மாற்றாமல் இருப்பதே நலம். ஐந்து வயதுக் குழந்தை ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ 6 செ.மீ.தான். முழு அங்குலமாகத் திருத்தி எழுதினால் 1.27 செ.மீ. வரை பிழை நேரும். இரண்டு மாதத்திற்கும் மேலான வளர்ச்சி அதில் மறைந்துவிடும். காலணியைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரில் படுமாறு நிறுத்தி அளந்த சென்டிமீட்டர் எண்ணையே வளர்ச்சி அட்டையில் குறிக்கவும். இரண்டு வயது நிறையாத குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும்.