தறிவீட்டின் மின்கணக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியைச் சுற்றிப் பரந்திருக்கும் பட்டு நெசவு வட்டாரத்தில், குழித்தறிகள் கையாலும் காலாலும் இயங்குபவை என்றாலும், தறிவீடு மின்சாரம் இல்லாமல் நடப்பதில்லை. பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிணைக்க வெளிச்சமும், ஊடைப் பட்டைத் தாரில் சுற்றச் சிறு மோட்டாரும், கோடையில் மின்விசிறியும் வேண்டியிருக்கின்றன. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று தமிழ்நாடு அரசு 2006இல் தொடங்கிய விலையில்லா மின்சாரம், 2016இல் 200 யூனிட்டாகவும் 2023இல் 300 யூனிட்டாகவும் உயர்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 யூனிட் என்ற அந்த அளவுக்குள் ஒரு வீடு நிற்கிறதா, தாண்டுகிறதா என்பதை அறிய, மின்னழுத்தம், மின்னோட்டம் என்னும் இரண்டே அளவுகளிலிருந்து தொடங்கலாம்.

மின்னோட்டத்தைத் தள்ளும் விசை போன்றது மின்னழுத்தம்; அதன் அலகு வோல்ட். கம்பியில் ஒரு நொடியில் கடக்கும் மின்னூட்டத்தின் அளவே மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை, அலகு ஓம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது மின்திறன், அலகு வாட். 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது 1 யூனிட். 230 வோல்ட் இணைப்பில் 4.35 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டியின் தடை சுமார் 53 ஓம், திறன் சுமார் 1000 வாட் என்பது பத்தாம் வகுப்பு மாணவருக்கும் எட்டும் கணக்குதான்.

அழுத்தம், ஓட்டம், தடை ஆகியவற்றின் இந்த உறவை ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டபோது, அவருக்கு உதவியது கணிதத்தைவிடச் சீரான மின்மூலமே ஆகும். அக்காலத்து மின்கலங்கள் ஓடஓட வலுவிழந்ததால், செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப இரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து அவர் நிலையான அழுத்தத்தைப் பெற்றார். ஓம் விதி என்பது வெப்பநிலை மாறாத உலோகக் கடத்தியைப் பற்றியது. எல்லாக் கருவிக்கும் பொதுவான விதியாக அது கற்பிக்கப்படுவது பள்ளிக்கூட வசதிக்காகவே என்று சொல்லத் தோன்றுகிறது.

பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொண்டால், எரியும்போது அது 0.26 ஆம்பியர் இழுப்பதால் அதன் தடை 880 ஓம் அளவில் அமைகிறது. அணைந்து குளிர்ந்தபின் மல்டிமீட்டரால் அளந்தால் அதே டங்ஸ்டன் இழை அறுபது எழுபது ஓம் மட்டுமே காட்டும், ஏனெனில் சூடேறச் சூடேற உலோகத்தின் தடை கூடுகிறது. சுவிட்சைப் போடும் கணத்தில் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான ஓட்டம் பாய்வதால்தான் அத்தகைய பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே இழை அறுந்து போயின.

மோட்டார் இன்னும் வேறு வகை. தார் சுற்றும் இயந்திரத்தில் கால் குதிரைத்திறன் மோட்டார் 230 வோல்டில் 2 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், பெருக்கல் தொகை 460 வருகிறது. ஆனால் அது தோற்றத் திறன் மட்டுமே. மாறுமின்னோட்டத்தில் மோட்டாரின் சுருள்கள் காந்தப்புலம் உண்டாக்கப் பெற்ற ஆற்றலின் ஒரு பகுதியை ஒவ்வொரு அலையிலும் திருப்பி அனுப்புவதால், அழுத்தமும் ஓட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. அந்தப் பின்னடைவைக் குறிக்கும் எண்ணே திறன் காரணி. அது 0.65 என்றால் உண்மைத் திறன் சுமார் 300 வாட், வீட்டு மீட்டரில் பதிவாவதும் அதுவே. இங்கே வகுத்துக் கிடைக்கும் 115 ஓம் சுருளின் தடை அன்று. மின்னிணைப்பைத் துண்டித்துச் சுருளை நேரடியாக அளந்தால் அதில் ஒரு சிறு பங்கே தெரியும்.

ஓட்டத்தை அளக்கக் கம்பியை அறுக்க வேண்டியதில்லை, கிளாம்ப் மீட்டரின் வாயைத் திறந்து கம்பியைச் சுற்றிப் பிடித்தால் போதும். ஆனால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யத்தைக் காட்டும். ஒற்றைக் கம்பியைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். சுமை இல்லாதபோதும் உள்ளபோதும் வீட்டின் அழுத்தத்தை அளந்து வித்தியாசத்தை ஓட்டத்தால் வகுத்தால், வீட்டுக்கு வரும் வழியின் தடை கிடைக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கம்பத்திலிருந்து 30 மீட்டர் வந்தால், போகவரச் சேர்ந்து தடை 0.44 ஓம், 10 ஆம்பியர் சுமையில் 4.4 வோல்ட் வழியிலேயே குறையும். ஃபியூஸ் கேரியரில் தளர்ந்த ஒரு திருகாணி மட்டும் அரை ஓம் தடை தந்தால், அதே ஓட்டத்தில் அந்தச் சிறு இடத்தில் 50 வாட் வெப்பம் கிளம்பிப் பீங்கானைக் கருக்கும்.

கடைக்கோடி வீடுகளில் அழுத்தம் குறைவது பழைய குறைபாடு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்பில் 6 சதவீத ஏற்ற இறக்கத்தையே அனுமதித்தன; அப்படியானால் 230 வோல்ட் 216க்குக் கீழே போகக் கூடாது. அது 180க்கு இறங்கினால், மேலே கண்ட இஸ்திரிப் பெட்டியின் திறன் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுமார் 610 வாட்டாகச் சுருங்கும். பெட்டி மெல்லச் சூடாகும், அவ்வளவே. மோட்டாருக்கோ சுழற்றும் வலு அதே வர்க்க விகிதத்தில் குறைந்தும் இழுக்க வேண்டிய சுமை குறையாததால், முழுச்சுமையில் அது வேகம் தளர்ந்து கூடுதல் ஓட்டத்தை இழுக்கிறது. ஓட்டம் 2 ஆம்பியரிலிருந்து 2.5 ஆனால், சுருளில் எழும் வெப்பம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஆகவே அழுத்தம் தணிந்த மாலை நேரத்தில் தார் சுற்றும் மோட்டார் முனகத் தொடங்கினால், எரிந்துவிடும் முன் அதை நிறுத்திவைப்பதே நல்லது.