இரவு 2 மணி நகல் ஏன் ஏமாற்றுகிறது?

அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் வைத்தார்கள். நெடுங்காலம் மறந்துகிடந்தவை 1922இல்தான் வெளியே வந்தன. நகல் இருந்தது, எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

திருப்பதி விடுதியாகட்டும், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையாகட்டும், அவற்றின் தரவுத்தள நகலுக்கும் இந்தக் கதி நேரலாம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான், இரவு 2 மணிக்கு ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டும். மைஎஸ்க்யூஎல்டம்ப் தரவை வெளியே எடுக்கும். ஜிஜிப் அதைச் சுருக்கும். ஆனால் டம்ப் பாதியில் நின்றாலும் ஸ்கிரிப்ட் ‘வெற்றி’ என்றே சொல்லும்! ஏன்? பைப் குறியால் கோத்த கட்டளைகளில் கடைசியானதன் முடிவை மட்டுமே பாஷ் ஷெல் கணக்கில் எடுக்கிறது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ என்று எழுதினால் குட்டு வெளிப்படும். பழைய கோப்புகளை அழிக்கும் வரி, டம்ப் பிழையின்றி முடிந்ததா என்று சோதித்த பிறகே ஓட வேண்டும். அப்புறம், மாதம் ஒருமுறையாவது வேறொரு கணினியில் நகலை மீட்டு, முந்தைய நாள் ரசீது ஒன்றைத் தேடிப் பாருங்கள்.