கழுத்துக் கழலையும் நுண்ணூசிச் சோதனையும்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது தமிழர் அடுக்களையிற் பிறந்த பழமொழி. முழுவதையும் பிசைந்து பாராமல், சிறு கூறொன்றை எடுத்து நோக்கி முழுவதன் நிலையை உய்த்துணரும் முறை அதனுள் அடங்கியிருக்கின்றது. அம்முறையைப் பெருந்தொழிலொன்றிற் கையாண்ட வரலாறு மன்னார்க் கடலுக்கு உண்டு. முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில், குளிப்பை அறிவிப்பதற்கு முன்னர் முத்துப் பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முத்துக்களைப் பிரித்து மதிப்பிடுவது வழக்கம். அம்மதிப்பைக் கொண்டே குளிப்பு நடத்துவதா, தள்ளி வைப்பதா என்பது முடிவாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டிக் கரையிற் கூடிய பெருங்குளிப்புகள் வரை இவ்வழக்கம் நிலவியது. முத்து உள்ளதா என அறியப் பார் முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை என்பதே அதன் உட்கருத்து.

கழுத்தின் முன்புறத்தே தோன்றும் முடிச்சுகளை ஆராயும் நுண்ணூசி உறிஞ்சற் சோதனையும் இம்முறையின் பாற்பட்டதே. வைத்தியசாலைகளில் எப்.என்.ஏ.சி. என வழங்கும் இச்சோதனையில், ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசியை முடிச்சினுட் செலுத்தி, அங்குள்ள கலங்களிற் சிலவற்றை எடுத்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குவர். முடிச்சைக் கத்தியால் அகற்றிய பின்னரே அதன் இயல்பை அறியலாம் என்றிருந்த நிலையை மாற்றி, அகற்றத்தான் வேண்டுமா என்பதை முன்னரே அறிய வழி வகுத்தமை இதன் சிறப்பு. ஆயினும் ஒரு சோறு எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதை உணர்ந்தாலன்றி இச்சோதனையின் பயனைச் செவ்வனே உணர்தல் அரிது.

தைரொயிட்டு என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயைத் தழுவி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்த சுரப்பி. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அதன் பெயர் பிறந்தமையால், தமிழிற் கேடயச் சுரப்பி என்பாரும் உளர். உணவிலுள்ள அயடீனைக் கவர்ந்து, உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் நெறிப்படுத்தும் ஓமோன்களை ஆக்குவது அதன் தொழில். அயடீன் குறையுமிடத்துச் சுரப்பி பருத்துக் கழலையாகின்றது. இலங்கையில் இக்கழலை தென்மேற்கின் ஈரவலயத்திலேயே மிகுதியாகக் காணப்பட்டது. 1980களின் பிற்பகுதியிற் பள்ளி மாணவரிடையே நடத்தப்பெற்ற ஆய்வொன்றில் நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தமை தெரியவந்தது. அதன்பின் 1993ஆம் ஆண்டில் உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாக்கப்பட்டு, 1995 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

மன்னார் மாவட்டமோ வரண்ட வலயத்தைச் சேர்ந்தது. கடலுணவும் உப்பளமும் உடையது. அதனால் அங்குள்ளாருக்குக் கழுத்தில் முடிச்சே தோன்றாது எனக் கொள்ளல் பிழையாகும். அயடீன் போதியளவு கிடைக்கும் நாடுகளிற்கூட, கையால் தடவிப் பார்க்குமளவில், பெண்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவருக்கும் ஆண்களுள் ஒருவருக்கும் தைரொயிட்டு முடிச்சு உண்டு. கழியொலிப் படம் எடுத்து நோக்கினாலோ, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப, நூற்றுக்கு 19 முதல் 68 பேர் வரையில் முடிச்சுக் காணப்படுகின்றது. இவற்றுட் புற்றாக இருப்பவை நூற்றுக்கு 7 முதல் 15 வரையே. ஏனையவை உயிருக்கு ஊறு செய்யாதவை.

இக்கணக்கின் பொருள் வைத்திய நூலில் அன்று, ஊரிலேயே விளங்கும். மாந்தை மேற்குப் பிரிவில், கண்டற் காடுகள் சூழ்ந்த கரையில் உள்ள விடத்தல்தீவை எண்ணிப் பார்க்கலாம். கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பத்துப் பெண்ணொருத்தி கண்ணாடி முன் தலை வாருகையில், எச்சில் விழுங்கும்போது கழுத்தில் ஏறியிறங்கும் சிறு திரட்சியொன்றைக் காண்கின்றாள் என்று கொள்க. நோவில்லை, வேலைக்குத் தடையில்லை. அவள் முன் இரு தவறான வழிகள் உள்ளன. புற்றென்று சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சத்தால் சேலைத் தலைப்பால் மறைத்து ஆண்டுகளைக் கழிப்பது ஒன்று. கட்டி என்றாலே வெட்டி எறிய வேண்டும் என்று விரைவது மற்றொன்று. முன்னையதில், புற்றாயின், குணமாக்கத்தக்க காலம் வீணாகின்றது. பின்னையதில், புற்றன்றாயின், வேண்டாத சத்திரசிகிச்சை நிகழ்கின்றது. சுரப்பி முழுவதையும் இழந்தவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் தைரொக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். குரல்வளையை இயக்கும் நரம்பு ஊறுபட்டாற் குரல் மங்கும். அருகிலுள்ள பரதைரொயிட்டுச் சுரப்பிகள் கெட்டால் குருதியிற் கல்சியம் தாழ்ந்து கைகால் விறைக்கும். இவ்விரு தவறுகளுக்கும் இடையே நடுவழி காட்டுவது ஊசி.

கழலையை ஊசியாற் குத்தி ஆராய்ந்த முதல்வராக, 1000ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அரபு வைத்தியர் அபுல் காசிம் அல் சஹ்ராவியைச் சுட்டுவோர் உண்டு. இக்காலமுறைக்கு அடிகோலியோர் நியூயோர்க் நகரின் மெமோரியல் வைத்தியசாலையைச் சேர்ந்த மார்ட்டினும் எல்லிசும் ஆவர். 1930இல் அவர்கள் ஊசியால் உறிஞ்சிக் கட்டிகளை ஆராய்ந்த முறையை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட ஊசி தடித்தது. அத்தகைய ஊசி சென்ற வழியே புற்று பரவுமோ என்ற ஐயத்தால் அம்முறை விரைவிற் பரவவில்லை. சுவீடன் நாட்டவர் மெல்லிய ஊசியைக் கைக்கொண்டு அவ்வையத்தை அகற்றினர். ஸ்ரொக்கோம் நகரில் ஐன்ஹோர்ன், பிரான்சன் என்போர் 1962இல் தைரொயிட்டு நோய்களில் நுண்ணூசியின் பயனை விளக்கிய கட்டுரை அத்துறையின் திருப்புமுனையாயிற்று. 1993இல் அமெரிக்க மாயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த கரிப், கோல்னர் என்போர் பல ஆய்வுகளை ஒருங்கு நோக்கி, ஊசிச் சோதனை வந்தபின் தைரொயிட்டுச் சத்திரசிகிச்சைக்கு ஆளாவோர் தொகை காற்பங்கு குறைந்ததையும், வெட்டப்பட்டவற்றுட் புற்றாக இருந்தவற்றின் வீதம் 15இலிருந்து 30க்குக் குறையாமல் உயர்ந்ததையும் எடுத்துக் காட்டினர். வெட்டுவது குறைந்தது, வெட்ட வேண்டியது தப்பவில்லை.

முடிச்சு என்றவுடன் ஊசி என்பதும் முறையன்று. முதலிற் குருதியில் ரீ.எஸ்.எச். என்னும் தூண்டு ஓமோனின் அளவைப் பார்ப்பர். அது தாழ்ந்திருப்பின் முடிச்சே மிகையாகச் சுரக்கின்றதா என்பதை அணுக்கதிர்ப் படத்தால் அறிவர். அவ்வாறு சுரக்கும் முடிச்சு புற்றாவது மிக அரிது, ஆதலின் அதற்கு ஊசி பொதுவாக வேண்டுவதில்லை. ஏனையவற்றுக்குக் கழியொலிப் படம் வழிகாட்டும். விளிம்பு ஒழுங்கற்றதாய், உள்ளே நுண்ணிய சுண்ணப் புள்ளிகள் கொண்டதாய், அகலத்தினும் உயரம் மிக்கதாய்த் தோன்றும் முடிச்சு ஐயத்துக்குரியது. அது ஒரு சென்ரிமீற்றர் அளவை எட்டினால் ஊசி தகும். ஐயம் குறைந்த தோற்றமுடையவை ஒன்றரை அல்லது இரண்டு சென்ரிமீற்றர் ஆகும் வரை பொறுக்கலாம். நீர் மட்டும் நிறைந்த பைக்குச் சோதனைக்கென ஊசி வேண்டியதில்லை.

சோதனை நிகழும் முறை எளிது. நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, தோளின் கீழ்த் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்துவர். தோலைத் துப்புரவாக்கி, கழியொலிப் படத்தின் துணையோடு ஊசியை முடிச்சினுட் செலுத்துவர். உணர்வகற்றும் மருந்து பலருக்கு வேண்டுவதில்லை. ஊசி உள்ளேயிருக்கும் சில வினாடிகளில் பேசுதலும் விழுங்குதலும் ஆகாது. ஊசி முன்னும் பின்னும் அசைக்கப்படுகையில் கலங்கள் அதன் துளையில் ஏறிக்கொள்ளும். முடிச்சின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து இரண்டு முதல் ஐந்து முறை வரை இவ்வாறு எடுப்பர். பின்னர்ச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் இரத்தக் கசிவு நின்றுவிடும். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவர் அதனை முன்னரே வைத்தியருக்குக் கூறல் வேண்டும். நுண்ணூசி சென்ற வழியே புற்று பரவுதல் மிக மிக அரிது. அவ்வச்சம் சோதனையை மறுக்கத் தக்க காரணமன்று.

எடுத்த கூறு கண்ணாடி வழுக்கியில் மெல்லப் பரப்பப்படுகின்றது. சில வழுக்கிகள் உடனே மதுசாரத்தில் அமிழ்த்தப்படும். சில காற்றில் உலர விடப்படும். இவ்விரண்டுக்கும் சாயங்கள் வேறு. இவ்விடத்திலே கை தாமதித்தாற் கலங்கள் சிதைந்து, நல்ல ஊசியும் பயனற்றதாகும். நோயியல் நிபுணர் முதலில் வினாவுவது கூறு போதுமா என்பதையே. பத்துக்குக் குறையாத கலங்கள் கொண்ட திரள்கள் ஆறாயினும் தெளிவாகத் தெரிதல் வேண்டும் என்பது பொதுவிதி. அதன் பின்னரே கலங்களின் வடிவத்தை நோக்குவர். தைரொயிட்டுப் புற்றுகளுட் பெரும்பாலானவை பப்பிலரி வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கலக் கருக்கள் பருத்து, வெளிறி, கோப்பிக் கொட்டையின் நடுவிலுள்ள பிளவு போன்ற வரிப்பள்ளம் கொண்டிருக்கும். அவ்வடையாளத்தைக் கண்டு, ஒரு சில கலங்களைக் கொண்டே புற்றென்று துணிய முடிகின்றது.

கண்டதைக் கூறும் சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால் நேர்ந்த குழப்பத்தைத் தீர்க்க, 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் அறிஞர் கூடி ஆறு வகுப்புகளை ஏற்படுத்தினர். 2023இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பின்படி, முதல் வகுப்பு கூறு போதாதது. இரண்டாவது தீங்கற்றது, புற்றாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 4. மூன்றாவது உறுதி கூறவியலாத மாறுபாடு. வாய்ப்பு ஏறத்தாழ 22. நான்காவது நுண்ணறைக் கட்டி, ஏறத்தாழ 30. ஐந்தாவது புற்றென ஐயுறத்தக்கது, ஏறத்தாழ 74. ஆறாவது புற்று, ஏறத்தாழ 97. முதல் வகுப்பு நற்செய்தியன்று என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. "ஒன்றும் தெரியவில்லை" என்பதும் "ஒன்றும் இல்லை" என்பதும் ஒன்றல்ல. பொதுவாக அங்கே சோதனை மீண்டும் செய்யப்பட வேண்டும்.

நான்காம் வகுப்பிலேதான் பழமொழியின் எல்லை புலப்படுகின்றது. நுண்ணறைக் கட்டி தீங்கற்றதாயினும் புற்றாயினும், கலங்கள் பார்வைக்கு ஒரு தன்மையனவே. கட்டியைச் சூழ்ந்த உறையைத் துளைத்து அக்கலங்கள் வெளியேறினவா, குருதிக் குழாய்களுட் புகுந்தனவா என்பதே இரண்டையும் வேறுபடுத்தும். ஒரு சோற்றை நசுக்கிச் சோறு வெந்ததை அறியலாம். பானையில் விரிசல் உண்டா என்பதை அச்சோறு கூறாது. அதனை அறியப் பானையையே நோக்க வேண்டும். ஆதலின் அவ்வகுப்பினருட் பலருக்குச் சுரப்பியின் ஒரு பாதியை அகற்றி, உறை முழுவதையும் ஆராய்தல் வேண்டியதாகின்றது. கலங்களின் மரபணுக்களை ஆராய்ந்து இவ்விடரைக் குறைக்கும் சோதனைகள் சில நாடுகளில் வழக்கில் உள்ளன. ஆயின் அவற்றின் செலவு மிகுதி.

சோதனை எளிதாயின் மிகையாகச் செய்யும் இடரும் உண்டு. தென்கொரியாவில் நலமாக இருந்தோர் பலரும் கழியொலிப் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதனால், 1993க்கும் 2011க்கும் இடையே தைரொயிட்டுப் புற்றென அறியப்பட்டோர் வீதம் 15 மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் வீதமோ குறையவில்லை. ஒருபோதும் தீங்கு செய்யாத சிறு புற்றுகளைத் தேடிக் கண்டு வெட்டினர் என்பதே அதன் பொருள். எனவே அளவும் தோற்றமும் நோக்காது எல்லா முடிச்சையும் குத்துதல் அறிவுடைமையன்று.

விடத்தல்தீவுப் பெண்ணுக்கு இவை கூறும் செய்தி தெளிவானது. கழுத்தில் முடிச்சைக் கண்டால் மறைத்தலும் வேண்டா, நடுங்குதலும் வேண்டா. பெரும்பாலான முடிச்சுகள் தீங்கற்றவை. முடிச்சு விரைந்து வளர்ந்தாலும், கல்லைப்போல் இறுகினாலும், குரல் மாறினாலும், விழுங்குதல் கடினமானாலும் தாமதம் ஆகாது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, அங்கிருந்து அனுப்பப்படுமாயின் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ செல்லல் வேண்டும். 2011இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் பாதை குறுகியுள்ளது. ஆயினும் தொழிலொரு நாளை இழந்து பயணம் செய்தவர், ஊசி குத்தியதோடு காரியம் முடிந்ததென்று இருந்துவிடலாகாது. முடிவைப் பெற மீண்டும் செல்வதும், வகுப்பு எதுவெனக் கேட்டறிவதும், அத்தாளைப் பேணி வைப்பதும், தீங்கற்றதென்று வந்தாலும் குறித்த தவணையிற் படமெடுத்துப் பார்ப்பதும் சோதனையின் பாதியே ஆகும்.

முத்துப் பாரில் மாதிரி எடுத்தவர் சில சிப்பிகளை மதிப்பிட்டதோடு அமையவில்லை; எப்பாரில், எவ்விடத்தில் எடுத்தது என்பதையும் குறித்து வைத்தனர். நுண்ணூசியும் அத்தகைய கவனத்தை வேண்டி நிற்பது. ஊசி செலுத்துபவர் கைத்திறனும், வழுக்கி நோக்குபவர் கண்ணுண்மையும், நோயாளியின் பொறுமையும் ஒன்று கூடுமிடத்து, அரை மில்லிமீற்றர் ஊசி ஒருவரைக் கத்தியினின்று காக்கும். கத்தி வேண்டிய மற்றொருவரைக் காலத்தே அதனிடம் சேர்க்கும்.