சிறுவர் நீதியும் சம்மனும்

நியாயஸ்தலத்தின் படி ஏறுமுன் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. தம்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது? அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் எது? இவ்விரண்டையும் உரியவர் கையில், உரிய காலத்தில் சேர்ப்பிப்பதே சம்மனின் வேலை. பெரியவர்கள் விஷயத்தில் இதை எவரும் மறுப்பதில்லை. சிறுவர்கள் விஷயத்திலோ, “இது தண்டிக்கும் கோர்ட்டு அல்ல, பெற்றோர் ஸ்தானத்தில் நின்று திருத்தும் இடம், இங்கே இந்தச் சம்பிரதாயங்கள் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. செவிக்கினிய இவ்வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கால்ட் வழக்கே போதிய சாட்சி.

1964ஆம் வருஷம் ஜூன் 8ந் தேதி, அரிசோனா மாகாணத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவனை அதிகாரிகள் பிடித்துச் சென்றனர். அண்டை வீட்டு மாதிடம் டெலிபோனில் ஆபாசமாகப் பேசினான் என்பது புகார். அப்பொழுது தாயும் தந்தையும் வேலைக்குப் போயிருந்தனர். அவர்களுக்கென்று வீட்டில் ஒரு சீட்டுக்கூட வைக்கப்படவில்லை. மாலையில் வீடு திரும்பிய தாய், பிறரிடம் விசாரித்தே மகனின் கதியை அறிந்தாள். மறுநாள் கோர்ட்டில் தாக்கலான மனுவின் நகல் பெற்றோருக்குக் கொடுக்கப்படவில்லை. அதை அவர்கள் கண்ணால் கண்டது ஆகஸ்டு மாதத்தில்தான். ஜூன் 15ந் தேதி மேல் விசாரணை என்று ஓர் அதிகாரி வெற்றுக் காகிதத்தில் எழுதியனுப்பினார். குற்றம் இன்னதென்று அதில் இல்லை. அந்த விசாரணையின் முடிவில், சிறுவன் 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கப்படலாம் என்று உத்தரவாயிற்று. அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது 2 மாதத்திற்கு மேற்படாத சிறை!

முறையான அறிவிப்பு இல்லை, வக்கீல் இல்லை, அம்மாகாணச் சட்டப்படி அப்பீலும் இல்லை. 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து இந்நாட்டு ஜனங்கள் எழுப்பிய கூக்குரல் நம் நினைவுக்கு வருகிறது. தாய் தந்தை என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அதிகார வர்க்கத்தின் கருணை எத்தகையது என்பதை நமது தேசம் நன்கு அனுபவித்திருக்கிறது.

1967ஆம் வருஷம் மே 15ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டை விவரமாக எழுதி, சிறுவனுக்கும் பெற்றோருக்கும், பதிலுக்கு ஆயத்தமாகப் போதிய அவகாசத்துடன் தெரிவிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் முக்கிய அம்சங்களில் ஒன்று.

இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதன்முதலில் இயற்றியது 1920இல் நமது சென்னை மாகாணமே. இன்று நாடு முழுவதற்கும் உரிய 2015ஆம் வருஷத்திய இளைஞர் நீதிச் சட்டம், பிடிபட்ட சிறுவனை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தச் சொல்கிறது. பெற்றோருக்குத் தகவல் கொடுத்து, அவர்களை அங்கே வரச் சொல்லவேண்டியது போலீஸ் அதிகாரியின் கடமை. விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் சிறுவனும் பெற்றோரும் விஷயம் அறிந்து பங்குகொள்ளச் செய்வது குழுமத்தின் கடமை. சட்டத்தில் குறையில்லை.

குறை இருப்பது காகிதம் போய்ச் சேரும் வழியில். சம்மன் பெறவேண்டியவர் அகப்படாவிட்டால், உடன் வசிக்கும் வயது வந்த ஆண் ஒருவரிடம் அதைக் கொடுக்கலாம் என்றே 1973ஆம் வருஷத்திய குற்ற விசாரணை முறைச் சட்டம் கூறியது. தந்தையின் பெயருக்கு வந்த சம்மனைப் பெற்றுக்கொள்ளும் தகுதி, வீட்டிலிருந்த தாய்க்கு இல்லை! 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் ‘ஆண்’ என்ற சொல் நீங்கியது. நன்று. ஆனால் எவரும் கிடைக்காவிடில் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடலாம் என்ற விதி இன்னும் நிற்கிறது.

சிறுவனின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது என்பது 2015ஆம் வருஷத்துச் சட்டம். நியாயமான தடை, அதை நாம் ஏற்கிறோம். ஆனால், பத்திரிகையில் வரக்கூடாத செய்தி வீட்டுக் கதவில் வரலாமா? ஒட்டிய காகிதத்தை முதலில் படிப்பது தெருவார். கூலிவேலைக்குப் போன தாய் திரும்புமுன் ஊரே அறிந்துவிடும். அவள் அறிவதற்குள் காகிதம் காற்றில் பறந்தும் போகலாம். கோர்ட்டுத் தஸ்தாவேஜில் மாத்திரம் ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்றிருக்கும்.

ஆகவே நாம் கோருபவை சில. சிறுவர் விவகாரங்களில் சம்மன் பெற்றோர் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும். அவர்களுக்குப் புரியும் பாஷையில் குற்றச்சாட்டும் நாளும் இடமும் அதில் எழுதப்பட வேண்டும். எழுத்தறியாதவர்க்குப் படித்துச் சொல்லவேண்டும். கொண்டுவருபவர் போலீஸ் உடுப்பின்றி வரவேண்டும். இலவச வக்கீல் உதவி உண்டென்பதையும் அப்பொழுதே தெரிவிக்க வேண்டும். கதவில் ஒட்டுவதை இவ்விவகாரங்களில் அறவே நிறுத்த வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் செலவில்லை. கிராமத்திலும் சேரியிலும் தொண்டாற்றும் நமது ஊழியர்கள் தம் பகுதிப் பெற்றோருக்கு இவ்வுரிமைகளை எடுத்துரைப்பார்களாக. தாய்க்குத் தெரியாமல் அவள் பிள்ளையின் வழக்கை விசாரிப்பது நீதியாகாது.